வரிசை கீறும் வண்டி

வண்டி மறுபடியும் ஒன்றுமில்லாத இடத்தில் நின்று, திரும்பிக்கொண்டது.

சுதாஜினி ரீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கச்சான் கடலை விதைக்க நேர்வரிசை கீறும் வண்டி என்று ஒரு தவணை முழுக்கப் பிள்ளைகளை வாட்டியெடுத்துச் செய்வித்தது. விடிந்தால் வவுனியாவில் போட்டி. வண்டியின் முன்பக்கத்தில் இரண்டு கண்கள் மாதிரி ஓர் உணரி. அது காதுக்குக் கேட்காத ஒலியை அனுப்பும். கல்லிலோ கட்டையிலோ பட்டுத் திரும்பி வந்தால் வண்டி விலகிப்போகும். பாடசாலையின் புதுக் கூடத்துச் சீமெந்துத் தரையில் ஓட்டிப் பார்ப்பதற்காகப் பின்னால் ஒரு வெண்கட்டியைக் கட்டியிருந்தார்கள். சுவரோரமெல்லாம் நூல் பிடித்தாற்போலக் கோடு கீறிய அந்தச் சனியன், நடுக்கூடத்துக்கு வந்ததும் பாம்பைக் கண்டதுபோல ஒதுங்கியது.

"என்ன கோதாரி புரோகிராம் எழுதினனீ?"

மற்றப் பிள்ளைகள் மழைக்கு முன்னமே ஓடிவிட்டார்கள். நின்றது தரம் பதினொன்று மேனுகா மட்டும். தகப்பன் தவராசா மோட்டார் சைக்கிளில் வந்து கூட்டிக்கொண்டு போகவேண்டும். "உங்களை நம்பித்தான் விட்டிட்டுப் போறன் ரீச்சர்" என்று மத்தியானம் சொல்லிவிட்டுப் போனவர்.

"புரோகிராம் சரி ரீச்சர். விறாந்தையில ஓடேக்க ஒரு பிழையும் இல்லை. இதில மட்டும்தான்."

"அப்ப தரைக்குப் பேய் பிடிச்சிட்டுதோ?"

மேனுகா சிரிக்கவில்லை. சுதாஜினி அவள் கையிலிருந்த மேலதிக உணரியைப் பறித்து, தானே மாற்றிப் பூட்டினாள். பற்றரியையும் மாற்றினாள். அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. கார்த்திகை மழை தகரக் கூரையில் கொட்ட, பின்னேரமே கூடம் கறுத்துப்போயிற்று. போன வருடம் வெறுங்காணியின் பள்ளங்களை நிரவிக் கட்டிய கூடம், இன்னும் பெயின்ற் மணம் போகாத சுவர்கள். ஆனால் நடுத்தரையிலிருந்து வேறொரு மணம் மெல்ல எழும்பியது. ஈரமணல், அவிந்த துணி, பலபேருடைய மூச்சு ஒரே இடத்தில் அடைபட்ட புழுக்கம். சுதாஜினிக்குத் தெரிந்த மணம்தான். ஆனால் எங்கே என்று நினைத்துப்பார்க்க அவள் மனம் விடவில்லை.

வண்டி உர்ரென்று போனது. நின்றது. திரும்பியது.

"ரீச்சர், அதில ஆரோ இருக்கிற மாதிரிக் கிடக்கு. நாங்கள் விறாந்தைக்குப் போவமே?"

பயந்த குரல். அந்தப் பயம் தன்னையும் தொற்றப் பார்ப்பதுதான் சுதாஜினிக்குப் பொறுக்கவில்லை.

"போய் அதில நில்லு. ஒண்டுமில்லையெண்டு உன்ர காலாலயே காட்டு."

"வேண்டாம் ரீச்சர்."

"போ எண்டுறன்!"

மேனுகா போனாள். வண்டி விலகி விலகிக் கீறிய கோடுகளில் இன்னும் கீறாமல் விட்டிருந்த இடைவெளியால் உள்ளே காலை வைத்து, நடுவில் நின்றாள். ஒன்றும் நடக்கவில்லை.

"பாத்தியோ?" என்றாள் சுதாஜினி வெற்றியோடு.

மேனுகா மெல்லக் குந்தினாள். முழங்காலை நெஞ்சோடு சேர்த்தாள், காதுகளைப் பொத்தினாள், வாயை ஆவென்று திறந்து வைத்துக்கொண்டாள். சண்டை ஓய்ந்த பிறகு வளர்ந்த இந்த வயதுப் பிள்ளைகளுக்கு அப்படி இருக்க யாரும் பழக்கவில்லை. பிறகு பக்கத்து வெறுந்தரையைப் பார்த்துப் பணிவாகச் சொன்னாள்:

"கொஞ்சம் தள்ளி இருங்கோ அன்ரி. கால் நெரியுது."

சுதாஜினி போனில் வெளிச்சம் போட்டாள். வெண்கட்டிக் கோடு நேரே போய், முடங்கி, மறுபடி நேரே போனது. 'ட' எழுத்தின் வடிவம். இரண்டுபேர் ஒட்டி இருக்கும் அகலம். ஒரு நுனியில் மட்டும் திறப்பு. மேனுகாவின் வயதில் இதே அளவில், ஷெல்லுக்குப் பதுங்க, தன் கையால் குழி வெட்டியிருக்கிறாள்.

பங்கர்.

"மேனுகா! வெளியில வா! வா பிள்ளை!"

"கத்தாதேங்கோ ரீச்சர். ஷெல் அடிச்சிட்டாங்கள், விழப்போகுது. கெதியா உள்ளுக்க வாங்கோ, இடம் விடுகினம்."

தூரத்தில் தும் என்றது. இடியாக இருக்கலாம். மின்னல் வரவில்லை.

ஓடிப்போய் இழுக்கத்தான் நினைத்தாள். உடம்பு கேட்கவில்லை. விழுந்தாள். சுவரோரம். குப்புற. காதில் கை. கண்ணை இறுக்கி. மழை. வண்டியின் உர்ர். வெண்கட்டி தேயும் சத்தம். கிட்ட. இன்னும் கிட்ட. பிறகு ஒன்றுமில்லை.

கரண்ட் வந்தது.

திறப்பு மூடிக் கிடந்தது. வண்டி கடைசிக் கோட்டையும் கீறி முடித்திருந்தது. கோட்டுக்குள்ளே உலர்ந்த சீமெந்து. மேனுகா இல்லை. வண்டி மறுபடி புறப்பட்டு, இந்தமுறை எதற்கும் விலகாமல், நடுக்கூடத்தைக் குறுக்கறுத்து நேராக ஓடியது. போட்டிக்குக் கொண்டுபோகலாம், அவ்வளவு திறமான வரிசை.

வாசலில் ஹோன் அடித்தது.

"மேனுகா! வாம்மா, மழை விட்டிட்டுது!"

சுதாஜினி தவழ்ந்து போனாள். வெடிப்பில்லாத சீமெந்திலிருந்து புல் முளைத்ததுபோல ஒரு வெள்ளை நுனி நீட்டிக்கொண்டிருந்தது. மேனுகாவின் தலைப்பின்னல் ரிபன். அது கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. அவள் இரண்டு கையாலும் எட்டிப் பிடித்தாள்.

கீழே இருந்தவர்கள் எல்லோருமாகச் சேர்ந்து இழுத்தார்கள்.