நாடாத் தடம்

நரம்பெண்ணி இயந்திரம் சீட்டுக் கொடுத்தால்தான் வலி, கொடுக்காவிட்டால் நடிப்பு. பாளையங்கோட்டை ஜவுளிக்கடைகளில் இப்போது இதுதான் நடைமுறை. நோவுச்சீட்டு இருந்தால் ஸ்டூலில் உட்கார்ந்து விற்கலாம், இல்லையேல் பத்து மணி நேரமும் நிற்க வேண்டும்.

சேலைப் பிரிவு மதிவதனிக்கு மூன்று வருடமாக வலப்பக்க அடிவயிற்றில் சுருக்கென்ற வலி. ஸ்கேனில் ஒன்றுமில்லை. அதே கடையின் வேட்டிப் பிரிவில் நிற்கும் கணவர் செண்பகராஜன் எப்போதோ தீர்ப்புச் சொல்லிவிட்டார்: வாயு. தெருவில் அதைக் கேட்காத காது இல்லை.

மருந்துக்கடை மூலையில் இருந்த நரம்பெண்ணி, வலிக்கும் இடத்தில் கடுகளவு தோலைக் கிள்ளியது. ஒப்பிடுவதற்கு, வலிக்காத இடப்பக்கம் அதே உயரத்தில் இன்னொரு கடுகு. வலிக்கும் பக்கம் நரம்பிழைகள் குறைந்திருந்தால் சீட்டு உண்டு.

வலம் மூன்று. இடமும் மூன்று.

"வேறுபாடு இல்லை. வலி இல்லை," என்றது நரம்பெண்ணி.

"பொறவு எனக்கு என்னதுக்கு வலிக்குது?" என்று அவள் இயந்திரத்திடமே கேட்டாள்.

செண்பகராஜனுக்கு ஒரே குஷி. இயந்திரத்தை இயக்கும் யாஸ்மினிடம், "எந்தோலையும் எடும்மா. நல்ல வயிறு எப்படி இருக்கும்னு இவ பாக்கட்டும்."

அவருக்குப் பன்னிரண்டு!

யாஸ்மின் மதிவதனியின் இடுப்பைப் பார்த்தாள். சுற்றிலும் கறுத்த கோடு. "எக்கா, பாவாடை நாடா! வருசக்கணக்கா இறுக்கிக் கட்டி ரெண்டு பக்கமும் நரம்பு செத்துருக்கு. ரெண்டு தோலையும் நாடாத் தடத்துலயே எடுத்துட்டோம்."

"மேல தள்ளி ஒண்ணு எடேன்."

"ஒரு ஆளுக்கு வருசத்துக்கு ஒரு தடவதான்க்கா மிஷின் விடும்."

அதற்குள் நரம்பெண்ணி கணக்கை முடித்திருந்தது. இதுவரை அதனிடம் வந்தவர்கள் எல்லாம் சேலை கட்டி நிற்கும் கடைப் பெண்கள்தான். வலிக்கிறது என்று சொல்ல ஆண்களுக்கு வெட்கமாம். எல்லாருக்கும் நாடாத் தடம், எல்லாருக்கும் மூன்று; ஆகவே இந்த ஊர் வயிற்றுக்கு மூன்றுதான் இயல்பு. பன்னிரண்டு கோளாறு. சீட்டு செண்பகராஜன் பெயருக்கு வந்தது.

திங்கட்கிழமை அவர் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். மேற்பார்வையாளர் முறைத்துப் பார்க்கும்போதெல்லாம் வயிற்றைப் பிடிக்க வேண்டியிருந்தது. எங்கே பிடிப்பது?

"ஏட்டி, எந்த இடத்துல வலிக்கணும்?"

"கொஞ்சம் கீழ. வலது பக்கம். நல்லா அமுக்குங்க," என்றாள், நின்றபடியே.

காலை முழுவதும் அமுக்கினார். மதியம் அவர் முகம் வெளிறியிருந்தது.

"மதி, நெசமாவே சுருக்குன்னு குத்துதுட்டி!"

அவள் அடுத்த சேலையை உதறி விரித்தாள்.

"வாயுவா இருக்கும்."