ஜன்னல் வழியே வந்த பை

முதல் பார்வையிலேயே காதல் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுங்கள். கரியாலூரில் பஸ்ஸை விட்டு இறங்கிய எழில்மதி அவன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. அவள் கண் போய் நின்றது, அவன் மடியில் இருந்த மெரூன் பையில்தான்.

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். நீலக் கட்டம் போட்ட சட்டை. பையின் ஜிப்பில் சிவப்புக் கயிறு... தோழி தேவதர்ஷினி கட்டிய அதே கயிறு. நேராகப் போய்ப் பையின் காதைப் பிடித்தாள்.

"பையக் குடுங்க."

"யாருங்க நீங்க?"

"பைக்குச் சொந்தக்காரி."

அவன் பையை விடாமல் நிமிர்ந்து பார்த்தான். அப்போதுதான் அந்தக் கண்கள்... மழைக்கு முன்னால் மலை இருண்டு கிடக்குமே, அப்படி ஒரு அமைதி. பதற்றமே இல்லை. வேறு நாளாக இருந்தால் எழில்மதி இரண்டு நிமிடம் ரசித்திருப்பாள். இன்று அந்த அமைதிதான் அவள் சந்தேகத்தைக் கூட்டியது. கை தேர்ந்தவன் பதறமாட்டான். டிவியில் எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்.

அவளுக்குக் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே ஜெராக்ஸ் கடையில் வேலை. ராத்திரி தட்டில் சோறு விழும்போது டிவியில் துப்பறியும் தொடர் ஓட வேண்டும், இல்லாவிட்டால் சாப்பாடு இறங்காது. அதில் கற்ற வித்தையெல்லாம் ஒருநாள் உயிர்த்தோழிக்கே தேவைப்படும் என்று அவள் நினைத்ததில்லை.

தேவதர்ஷினியின் அப்பா மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டும் கூலி. அந்த வீட்டிலிருந்து முதல்முதலாக ஒரு பெண் நர்ஸிங் படிக்கப் போகிறாள். நாளைக் காலை ஒன்பது மணிக்குச் சென்னையில் சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல் இல்லாவிட்டால் சீட் அடுத்தவருக்குப் போய்விடும். இன்று மாலை ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தாக வேண்டும்.

காலையில் எழில்மதியின் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு, ஊருக்குப் போய் அப்பாவை அழைத்துவரலாம் என்று ஓடினாள் தேவதர்ஷினி. பஸ் ஸ்டாண்டில் தேர்க்கூட்டம். இடம் பிடிக்க எல்லோரும் செய்வதைத்தான் அவளும் செய்தாள். ஜன்னல் வழியாகப் பையை உள்ளே தள்ளி, "அண்ணா, எடம் வெச்சிருங்க" என்று கத்திவிட்டு வாசலுக்கு ஓடினாள். ஏறிப் பார்த்தால் பையும் இல்லை, அண்ணனும் இல்லை. போனும் பைக்குள்ளேதான். அடித்துப் பார்த்தால் தொடர்பு எல்லைக்கு அப்பால்.

"மூங்கில்துறைப்பட்டு பஸ்லதான்டி போட்டேன். சத்தியமா." கடைக்கு ஓடிவந்து அழுத தேவதர்ஷினி, கூட்டத்தில் சரியாகத் தேடவில்லையோ என்று அந்த பஸ்ஸையே துரத்திப் போய்விட்டாள்.

போகுமுன் அவளுடைய வெள்ளைச் சட்டையின் கையை எழில்மதி பிடித்துப் பார்த்திருந்தாள். முழங்கைக்குக் கீழே செம்மண் தீற்றல். மூங்கில்துறைப்பட்டுச் சர்க்கரை ஆலைப் பக்கம் போய்வரும் பஸ்ஸின் ஜன்னலில் கை வைத்தால் கரிதான் ஒட்டும். செம்மண் என்றால் மலை ரோடு... பக்கத்தில் நின்ற வெள்ளிமலை பஸ். கூட்டம் தள்ளியதில் இவள் பையை ஒரு பஸ்ஸில் போட்டுவிட்டு வேறு பஸ்ஸில் ஏறியிருக்கிறாள். கடையை அப்படியே முதலாளியிடம் விட்டுவிட்டு எழில்மதி அடுத்த வெள்ளிமலை பஸ்ஸில் ஏறி, ஒவ்வொரு நிறுத்தத்திலும் எட்டிப் பார்த்துக்கொண்டே கரியாலூர் வரைக்கும் வந்துவிட்டாள்.

கணக்குச் சரியாகத்தான் வந்தது, பாருங்கள். பை கண்ணெதிரே. ஆனால் அவன் விரல்கள்... நுனியெல்லாம் கருப்பு.

"மை," என்றாள் எழில்மதி. "போலி சான்றிதழ் அடிக்கிற கும்பலா நீங்க?"

டீக்கடை சாலம்மாள் டம்ளர் கழுவுவதை நிறுத்தினாள். பெஞ்சில் இருந்த நாலு பேரும் திரும்பினார்கள்.

"இன்னாங்க சொல்றீங்க?"

"திருடன்னு சொல்றேன். போதுமா?"

அவன் முகம் மாறியது. கோபம்கூட இல்லை, அடிபட்டதுபோல ஒரு பார்வை. பையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டான்.

"இது கடுக்கா ஒடச்ச கறை. இந்தப் பைய ஜன்னல் வழியா குடுத்த கையில பச்ச கண்ணாடி வளையல் இருந்துச்சி. உங்க கையில வாட்ச். நீங்க குடுக்கல. அப்ப பை உங்களுதுன்னு இன்னா அத்தாட்சி?"

இவனும் அதே தொடர்தான் பார்ப்பான் போலிருக்கிறது.

மணி இரண்டரை. மலைமேல் மேகம் கவிந்துகொண்டிருந்தது. அழுதால் வேலைக்காகாது என்று மூச்சை இழுத்துப் பிடித்தாள்.

"உள்ள பச்ச ஃபைல் இருக்கும். பேரு தேவதர்ஷினி. நாளைக்குக் காலையில சென்னையில நர்ஸிங் சீட்டுக்கு இதக் காட்டணும், சாயங்காலமே பஸ் புடிக்கணும். ஜெராக்ஸ் எல்லாத்துலயும் வலது ஓரத்துல, மேலருந்து கீழ வரிக்கும் மெல்லிசா ஒரு கருப்புக் கோடு இருக்கும். எங்க கடை மெஷின்ல டிரம்முல கீறல். ஊருல வேற எங்க எடுத்தாலும் அந்தக் கோடு வராது."

அவன் பையைத் தானே திறக்கவில்லை. "பொண்ணு பை... நீங்க பிரிச்சிப் பாருங்கக்கா" என்று சாலம்மாளிடம் நீட்டினான். சாலம்மாள் கையைத் துடைத்துக்கொண்டு ஃபைலை எடுத்தாள். ஒரு தாள்... இரண்டாவது... மூன்றாவது. எல்லாவற்றிலும் வலது ஓரத்தில் அந்தக் கோடு.

"சரியாத்தான் சொல்லுது பொண்ணு," என்றாள் சாலம்மாள்.

அவன் பையை எழில்மதியின் கையில் கொடுத்துவிட்டு எழுந்து போனான்.

"கீழ போற பஸ் எப்பக்கா?"

"நாலரைக்கு. கள்ளக்குறிச்சி போவ ஆறரை ஆவும்."

ஆறரை. சென்னை பஸ் ஆறுக்கே போய்விடும். பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அப்படியே பெஞ்சில் உட்கார்ந்துவிட்டாள். சாலம்மாள் பக்கத்தில் வந்து நின்றாள். அவள் குரலில் கொஞ்சம் காரம் இருந்தது.

"கலையரசன போயி திருடன்னுட்டியேம்மா. பஸ்ஸுல கைப்புள்ளயோட ஒரு பொம்பள நின்னுச்சாம். தன் எடத்த அதுக்குக் குடுத்துட்டு இவன் நின்னுகினே வந்தான். பக்கத்துல எடம் கேட்டவங்க கிட்டல்லாம், 'ஒரு பொண்ணு புடிச்சி வெக்கச் சொல்லிட்டுப் பின்னாடி நிக்குது'ன்னு ஊருச் சண்ட. கடைசி வரிக்கும் பைதான் உக்காந்துகினு வந்துச்சி. எறங்கின சனமெல்லாம் சிரிச்சிகினு போச்சி. கண்டக்டர் கிட்ட குடுத்தா டிப்போவுக்குப் போயி நாலு நாளு ஆவும், அந்தப் பொண்ணு அடுத்த பஸ்ல தேடிகினு வரும்னு சாப்பிடாம உக்காந்துகினு இருக்கான்."

எழில்மதிக்குக் காது மடல் சுட்டது. செம்மண்ணைச் சரியாகப் படித்தவள் மனுஷனைத் தப்பாகப் படித்துவிட்டாள்.

எதிரே பைக் வந்து நின்றது. அவன்தான்.

"எத்தினி மணிக்கு அந்தச் சென்னை பஸ்ஸு?"

"ஆறு..."

"ஏறுங்க."

அவள் தயங்கினாள்.

"திருடன் வண்டியில ஏற பயமா?"

ஏறினாள். அவன் ஹேண்டிலில் மாட்டியிருந்த மழைக்கோட்டை எடுத்தான். தனக்குப் போட்டுக்கொள்ளப் போகிறான் என்று நினைத்தாள். பையைச் சுற்றி அதைப் போர்த்தி, கோட்டின் கைகளை முடிச்சுப் போட்டு அவள் மடியில் வைத்தான்.

மூன்றாவது வளைவில் பிடித்தது மழை. சாரல் என்று ஆரம்பித்து, கண்ணைத் திறக்க முடியாமல் அடித்தது. ஒருபக்கம் பாறை, மறுபக்கம் வெறும் வெள்ளைப் பனி... கீழே எவ்வளவு ஆழம் என்றுகூடத் தெரியவில்லை. அவன் முதுகு நனைந்து சட்டை ஒட்டிக்கொண்டது. பிடிக்கலாமா, வேண்டாமா... ஒரு வளைவில் டயர் லேசாக வழுக்கியதும் அவள் கை தானாக அவன் தோளைப் பற்றியது. எடுக்கத் தோன்றவில்லை.

பாதி இறக்கத்தில் சாலையின் குறுக்கே ஒரு மரம் சாய்ந்து கிடந்தது. மேலும் கீழும் வண்டிகள் நின்றிருந்தன. மணி நாலேகால்.

"முடிஞ்சிதுங்க," என்றாள். "அவ அப்பா போன வாரமே ஊரெல்லாம் சொல்லிட்டாரு... எம்பொண்ணு நர்ஸுன்னு."

அவன் அவளைத் திரும்பிப் பார்த்தான். இமையெல்லாம் மழை. "பைய புடிச்சிகினு அந்தப் பக்கம் போயி நில்லுங்க. வண்டிய நான் கொண்டாரேன்." கிளைகளுக்கு அடியில் பைக்கைப் படுக்கவைத்தாற்போல் சாய்த்து, இழுத்து, தள்ளி... முழங்கை கிழிந்து ரத்தம் மழையோடு ஓடியது. இந்தப் பக்கம் வந்து சேர்ந்ததும் அவன் கேட்ட முதல் கேள்வி, "ஃபைல் நனையலையே?"

அந்த நொடியில்தான். ஆமாம், நான் எதை மறைக்கப் போகிறேன், அந்த நொடியில்தான் எழில்மதிக்கு அவனைப் பிடித்துப் போயிற்று. மன்னிப்பு தொண்டை வரைக்கும் வந்தது. வீம்பு பிடித்த கழுதை, வாயைத் திறக்கவில்லை.

ஐந்து ஐம்பதுக்குக் கள்ளக்குறிச்சி. சென்னை பஸ் உறுமிக்கொண்டு நின்றது. வெறும் கையோடு மூங்கில்துறைப்பட்டிலிருந்து திரும்பிவந்த தேவதர்ஷினி அப்பாவின் தோளில் முகம் புதைத்து நின்றிருந்தாள். பையைப் பார்த்ததும் அவள் எழுப்பிய சத்தத்தில் டிரைவரே எட்டிப் பார்த்தார். கட்டிப்பிடித்து, அழுது, ஏறி, கையசைத்து... பஸ் நகர்ந்த பிறகு எழில்மதி திரும்பினாள்.

பைக் நின்ற இடத்தில் தண்ணீர்தான் தேங்கியிருந்தது.

தேவதர்ஷினிக்குச் சீட் கிடைத்துவிட்டது. எழில்மதிக்குத்தான் ஒன்றும் ஓடவில்லை. நான்காம் நாள் கடை வாசலில் நிழல் விழுந்தது. நீலக் கட்டம்.

"ஆதார் ஒரு ஜெராக்ஸ்."

எடுத்துக் கொடுத்தாள். அவன் வலது ஓரத்தைப் பார்த்தான், மடித்தான், போனான். வியாழக்கிழமை ரேஷன் கார்டு. அடுத்த திங்கள் மறுபடி ஆதார். இது ஆறாவது அறிவு இருக்கிற யாருக்கும் புரியும். ஆனாலும் நாலு பேர் எதிரில் திருடன் பட்டம் வாங்கியவன் தானாக வாய் திறப்பானா? கொடுத்தவளுக்கு வாய் வருமா? இரண்டு பேருக்கும் ரோஷம் ஜாஸ்தி.

மூன்றாம் வாரம் வந்தபோது அவன் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"கோடு இன்னாச்சி?"

"நேத்து டிரம் மாத்திட்டாங்க," என்றாள், அவனைப் பார்க்காமல்.

"நல்லாதான் இருக்கு..." தாளை மடித்தான். "இனிமே இங்க எடுத்ததுன்னு எதை வெச்சிக் கண்டுபுடிக்கிறது?" என்று சொல்லிவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் சாலையைக் கடந்து போய்விட்டான்.

இனிமேல் வரமாட்டான். இப்போது விட்டால் மலையேறிப் போய்விடுவான், அவள் ஆயுசுக்கும் மெஷின் மூடியைத் தூக்கித் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள். எழில்மதி தன் கைப்பையை எடுத்துக்கொண்டு ஓடினாள்.

வெள்ளிமலை பஸ் கிளம்பத் தயாராக நின்றது. வாசலில் கூட்டம் முட்டியது. மூன்றாவது ஜன்னலில் நீலக் கட்டம். ஜன்னல் கம்பிக்கு மேலே கையை நீட்டி, பையை அவன் மடியில் தள்ளினாள். முழங்கையில் செம்மண் அப்பிக்கொண்டது.

"எடம் புடிச்சி வைங்க."

அவன் பையையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். உதடு லேசாகத் துடித்தது. இருந்தாலும் விடுவானா?

"பை உங்களுதுன்னு இன்னா அத்தாட்சி?"

"பிரிச்சிப் பாருங்க. இந்த வாட்டி நீங்களே பிரிக்கலாம்."

பிரித்தான். டிபன் டப்பாவுக்குப் பக்கத்தில் மடித்து வைத்த ஒரு தாள். விரித்தால் அவனுடைய ஆதார் நகல். அவன் முதல்முதலாகக் கடைக்கு வந்த அன்று அவனுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, தனக்கென்று அவள் எடுத்து வைத்துக்கொண்டது. அசடு வழியும் அந்தப் போட்டோவில் அவன் முகம். வலது ஓரத்தில் மேலிருந்து கீழ்வரைக்கும் மெல்லிய கருப்புக் கோடு.

"கேக்காம எடுத்துட்டேன்," என்றாள் எழில்மதி. கண்ணில் நீர் முட்டியது, துடைக்கவில்லை. "உங்கள அவ்ளோ பேரு எதுருல அப்பிடி சொன்னது தப்பு. மூணு வாரமா அது நெஞ்சுல குத்திகினே இருக்கு. உங்கள எனக்குப் புடிச்சிருக்கு... நீங்க வரலன்னா எனக்கு வேலயே ஓட மாட்டேங்குது."

கண்டக்டர் விசில் கொடுத்தார். கலையரசன் அந்தத் தாளைப் பத்திரமாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். தன் இடத்தை விட்டு எழுந்து, ஜன்னலோரத்தில் அவளுடைய பையை உட்கார வைத்தான்.

"ஆளு ஏறுதுங்க, கொஞ்சம் நில்லுங்க," என்று கண்டக்டரிடம் குரல் கொடுத்துவிட்டு, குனிந்து ஜன்னலில் அவளைப் பார்த்தான். "அன்னிக்கி ஒரு பைக்காக மல முழுக்க நின்னுகினே வந்தேன். உங்களுக்காக நிக்க மாட்டனா? சீக்கிரம் ஏறுங்க."