மச்சாது வீட்டு மேசைக் கடல்

முத்துக்கரை அடுக்ககத்தின் மாதக் கூட்டத்துக்கு நாற்பத்திரண்டு பேர் வந்திருந்தார்கள். அதில் நாற்பத்தொரு பேர் ஒரு தாம்பாளத்தில் இருந்தார்கள்.

பதிலாள் என்பது சட்டைப் பொத்தான் அளவு இயந்திரம். பதினைந்து நாள் காலரில் குத்திக்கொண்டால் போதும், குத்தியவரின் குணத்தைப் படித்துக்கொள்ளும். அவர் போகச் சோம்பும் இடத்தில் பறவை எந்திரம் அதைக் கொண்டுபோய் வைக்கும். பொத்தான் அவர் குரலிலேயே பேசி, வேலை முடிந்தது என்று சொன்னதும் பறவை தூக்கிவரும். கல்யாணம், துக்கம், லிஃப்ட் தகராறு எல்லாவற்றுக்கும் தூத்துக்குடியில் இப்போது பொத்தான்தான். எடுக்கும் ஒவ்வொரு முடிவுக்கும் அது ‘ஏன்-குறிப்பு’ எழுதிவைக்க வேண்டும் என்பது சட்டம். அதை யாரும் படிப்பதில்லை என்பது வழக்கம்.

கூட்டத்துக்குக் காலோடு வந்த ஒரே ஆள் மூன்றாம் மாடி லயோலா மச்சாது. துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர், தனிக்கட்டை. குடிவந்து ஆறு மாதமாகியும் யாரும் அவர் வீட்டுக்குள் போனதில்லை. உள்ளே என்ன வைத்திருக்கிறார் என்று தெரியாமல் இரண்டாம் மாடிக்காரர்களுக்குச் சோறு இறங்கவில்லை.

உள்ளே கடல் இருந்தது. டேபிள் டென்னிஸ் மேசையில் விரித்த நீல ரெக்சின். அதன்மேல் கட்டைவிரல் நீளத்தில் போர்க்கப்பல்கள், பீரங்கிகூடத் தனித்தனியாகத் தெரியும். ஆட்டத்தில், தன் கப்பல் எங்கே போகும் என்று ஒவ்வொருவரும் சீட்டில் மறைத்து எழுதி, ஒரே நேரத்தில் பிரிக்க வேண்டும். ஒண்டியாக ஆடினால் தன்னிடமிருந்தே எதை மறைப்பது? ஆறு மாதமாக மச்சாதுவின் கப்பல்கள் நங்கூரத்தில் கிடந்தன.

அவர் மக்ரூன் டப்பாவோடு இரண்டாம் மாடிக்கு இறங்கிப்போய் இருவரை அழைத்துவந்தார். ஒருவர் உப்பளக்காரர் தவசிக்கனி. மற்றவர் பல் டாக்டர் செண்பகவடிவு. வீட்டைப் பார்க்கத்தான் வந்தார்கள். மக்ரூன் ஒரு சாக்கு.

“என்னவே, பச்சப்புள்ளைக சாமானப் பரப்பி வச்சிருக்கீரு?” என்றார் தவசிக்கனி.

“உக்காரும். அது உம்ம கப்பல். நாலு பீரங்கி.”

“டாக்டரம்மாவுக்கு மட்டும் ஆறு இருக்கு?”

“அண்ணாச்சி, என் கப்பல எண்ணாம உங்க கப்பலப் பாருங்க” என்றார் செண்பகவடிவு.

சுடுவதற்குமுன் தூரத்தைக் கண்ணால் மதித்துச் சொல்ல வேண்டும். பிறகுதான் டேப் பிடிப்பார்கள். மேசை விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு தவசிக்கனி நாற்பது என்றார். டேப் இருபத்திரண்டு என்றது. ஏக்கர் கணக்கில் உப்பு விளைவிப்பவருக்குச் சாண் கணக்கு வரவில்லை. ஆனாலும் கடைசியில் மச்சாதுவின் கப்பல் வாகாகக் குறுக்கே திரும்பியது, தவசிக்கனியின் பகடை உருண்டது, கப்பல் மூழ்கியது.

“அங்கன திரும்பியிருக்கப்பிடாது” என்று மச்சாது தலையில் கைவைத்தார். ஏழு ஞாயிறு இப்படியே தலையில் கைவைத்தார். தவசிக்கனி மாடிப்படியில் எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் தன் வெற்றியைச் சொல்லிக்கொண்டு இறங்கினார்.

எட்டாம் ஞாயிறு செண்பகவடிவின் பொத்தான் வந்தது. ஒன்பதாம் ஞாயிறு தவசிக்கனியின் பொத்தானும் வந்தது. என்ன காரணம்? ஒன்றுமில்லை, வெயில், சோம்பல். “மக்ரூன் அருமை” என்றன இரண்டு பொத்தான்களும், வாயில்லாமலே. மூன்று பேர் கப்பலையும் மச்சாதுவே நகர்த்தினார்.

பிறகு அவருக்குக் கண்புரை அறுவை நடந்தது. மூன்று வாரம் குனியக் கூடாது என்றார் கண் டாக்டர். குனியாமல் என்ன கடற்போர்? கப்பல்களை நகர்த்த ஓர் இயந்திரக் கையைப் பொருத்தி, ஏழு ஞாயிறும் காலரில் சும்மா குத்தியிருந்த தன் பொத்தானையும் மேசையில் வைத்துவிட்டு உள்ளறையில் படுத்துக்கொண்டார்.

அந்த ஆட்டம் முடியவில்லை. ஒரு வாரம், இரண்டு வாரம், மூன்று வாரம். புதன்கிழமை தவசிக்கனியின் தங்கச்சி மகள் நிச்சயதார்த்தம். தாய்மாமன் சார்பில் உட்காரப் பொத்தான் வேண்டும். அதுவோ வேலை முடியவில்லை என்று பறவையைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தது. செவ்வாய்க்கிழமை மாலை தவசிக்கனி தானே படியேறினார். தன் பொத்தானைத் தேடி செண்பகவடிவும் வந்து நின்றார்.

மேசையில் மூன்று கப்பல்களும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. மூன்று வாரத்தில் ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை. பொத்தான்கள் தண்ணீர் லாரி பற்றிப் பேசிக்கொண்டிருந்தன.

வேறு வழியில்லாமல் இருவரும் வாழ்க்கையில் முதல்முறையாக ஏன்-குறிப்பைப் படித்தார்கள்.

தவசிக்கனியின் பொத்தான் எழுதியிருந்தது: ‘சுடவில்லை. ஏன்: சுட்டால் ஆட்டம் முடிந்துவிடும். முடிந்தால் வீட்டுக்குப் போக வேண்டும்.’

செண்பகவடிவின் பொத்தான்: ‘சுடவில்லை. ஏன்: நாள் முழுதும் வாயைத் திறந்து வைத்திருப்பவர்களோடுதான் இருக்கிறேன். இங்கேதான் பேசுகிறார்கள்.’

இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் மச்சாதுவின் பொத்தான் எழுதிய குறிப்புக்குப் போனார்கள். ‘கப்பலைக் குறுக்கே திருப்பினேன். ஏன்: புதியவர்களுக்கு முதல் நாள் விட்டுக்கொடுப்பது இந்த ஆட்டத்தில் வழக்கம். தவசிக்கனி ஜெயித்தால்தான் அடுத்த ஞாயிறும் வருவார் என்பதால் வாராவாரம் விட்டுக்கொடுக்கிறேன்.’

“ஏழு வாரமுமாவே?” தவசிக்கனி உள்ளறைப் பக்கம் திரும்பினார். “ஊரு பூராச் சொல்லிட்டனேவே!”

கண்ணில் பச்சை மறைப்போடு உள்ளறை வாசலில் நின்ற மச்சாது மக்ரூன் டப்பாவை நீட்டினார். ஆமாம் என்று சொன்னால் இருவரும் போய்விடுவார்கள் என்று பயந்தார். சொல்லாவிட்டாலும் போய்விடுவார்களோ என்றும் பயந்தார்.

“உக்காரும். நெசமா ஆடும்” என்றார் தவசிக்கனி. பழக்கதோஷத்தில் பொத்தானைக் காலரில் குத்திக்கொண்டு உட்கார்ந்தார்.

மச்சாது குனியவில்லை. ஒற்றைக் கண்ணால் நின்றபடி தூரம் சொன்னார். டேப் அப்படியே ஆமோதித்தது. இருபது நிமிடத்தில் தவசிக்கனியின் கப்பல் ரெக்சினுக்கு வெளியே கிடந்தது. அவர் விருட்டென்று எழுந்து போனார்.

“வர மாட்டாரு” என்றார் மச்சாது. செண்பகவடிவு தவசிக்கனியின் கப்பலை எடுத்துப் பெட்டியில் வைத்தார்.

மறுநாள் நிச்சயதார்த்தத்தில் தாய்மாமன் பொத்தான் வெற்றிலைத் தட்டு மாற்றும் முன்பே விடைபெற்றது. மாப்பிள்ளை வீட்டார் கொதித்துப்போய் அதன் குறிப்பைக் கேட்டு வாங்கினார்கள். ‘பாதியில் கிளம்பினேன். ஏன்: மச்சாதுவை மூழ்கடிக்கத் திட்டம் போட வேண்டியிருக்கிறது.’

ஞாயிற்றுக்கிழமை தவசிக்கனி வந்தார், நேரில், ஒரு நோட்டு நிறைய அம்புக்குறி வரைந்துகொண்டு. மச்சாதுவுக்கு மறைப்பில்லாத கண்ணும் கலங்கியது. பின்னாலேயே மாப்பிள்ளையின் அப்பாவும் வந்தார், அவரும் நேரில். யார் அந்த மச்சாது, அவரை எதற்கு மூழ்கடிக்க வேண்டும், இந்தக் குடும்பத்தில் பெண் எடுக்கலாமா என்று விசாரிக்க வந்தவர், மேசையைப் பார்த்ததும் குனிந்து பீரங்கிகளை எண்ணத் தொடங்கினார்.

“இதுல எனக்கு எது?” என்று கேட்டார் எண்ணி முடித்து. மச்சாது பெட்டியிலிருந்து நாலாவது கப்பலை எடுத்தார்.

தவசிக்கனி நோட்டை மெதுவாக மூடினார். மச்சாதுவின் காதருகே போனார்.

“வே, அவரு இன்னைக்கு ஜெயிக்கட்டும். கல்யாணம் நடக்கணும்லா.”

சொல்லிவிட்டு, சீட்டு எழுதும் முன் காலரிலிருந்த பொத்தானை மறக்காமல் கழற்றி, மக்ரூன் டப்பாவுக்குள் போட்டு இறுக்கி மூடினார்.