ஒரே உடம்பு, நான்கு பிரஸ்

சோதனையின் இரண்டாவது ஓட்டம் முதல் ஓட்டத்தின் பாதி நேரத்தில் முடிந்திருந்தது. அப்படி முடியக் கூடாது.

மேசைக்கடியில் முனகிக்கொண்டிருந்த சர்வர் ஒன்றுதான். அதற்குள் மென்பொருளால் நான்கு கணினிகளை உருவாக்கியிருந்தாள் லாவண்யா. ஒவ்வொன்றும் தன்னைத் தனி இயந்திரம் என்றே நம்பும். அவற்றைச் சேர்த்து ஓட்டினால் என்ன வேகம் வரும் என்பதுதான் சோதனை. முதல் ஓட்டத்தில் ஒரே கணினி; அதற்கே சர்வரின் முழு பலத்தையும் கொடுத்திருந்தாள். இரண்டாவது ஓட்டத்தில் இன்னொரு கணினி சேர்ந்தால் பங்கு பிரியுமே தவிர பலம் கூடாது. இது அவள் வீட்டிலேயே அறிந்த விஷயம். சம்பளக்காரி, மனைவி, மருமகள், அம்மா என்று நான்கு பேர் ஒரே முதுகெலும்பில் தொங்கும்போது யாருக்கும் முழுதாக எதுவும் கிடைப்பதில்லை.

அப்படியானால் இந்தக் கூடுதல் பலம் யாருடையது?

ஆயுதபூஜை. பொரியும் ஸ்வீட் பாக்ஸும் வாங்கிக்கொண்டு எல்லோரும் போய்விட்டார்கள். கேட்டில் உடைத்த பூசணிக்காய் குங்குமச் சதையாகச் சிதறிக் கிடந்தது. கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம், சாம்பிராணிப் புகையும் எண்ணெய் வாடையும் தேங்கிய பிரஸ் ஷாப்பில் நான்கு பிரஸ்கள் மாலையோடு நின்றன, ஒரே அடியில் இரும்புத் தகட்டைக் காரின் கதவாக மாற்றுகிறவை. பூட்டிவிட்டுப் போக ஃபிட்டர் திம்மராயன் மட்டும் இருந்தார். அவர் இடது கையின் இரண்டு விரல்களை எப்போதோ ஒரு பிரஸ் வாங்கியிருந்தது.

மதியம் சர்வருக்குச் சந்தனம் வைத்தபோதே அவர் சொன்னார்.

"இன்னிக்கு ஓட்டாதீங்க மேடம். நாளைக்கு எடுத்து ஓட்டலாம்."

"இது ஆயுதமா திம்மராயண்ணா? வெறும் பொட்டி."

"பொட்டு வெச்சாச்சில்ல? இனி அதுவும் ஆயுதந்தான்." சிரித்தார். "பெங்களூர்ல படிச்சவங்க, நாங்க சொன்னா எங்க கேப்பீங்க!"

நாளை முதல் ஆலையின் வேலைகள் அதில் ஏறிவிடும். சும்மா இருப்பது இன்று மட்டும்தான். அவர் நகர்ந்ததும் சோதனையைத் தொடங்கிவிட்டாள்.

இப்போது கண்ணாடி வழியே பார்த்தாள். திம்மராயன் முதல் பிரஸ்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். இரண்டாவது பிரஸ்ஸிலும் துடைத்துக்கொண்டிருந்தார்.

கண்ணாடியின் பிம்பம் என்று நினைத்தாள். அப்படி நினைக்க வேண்டியிருந்தது. தவறு எங்கே என்று கண்டுபிடிக்க நான்கு கணினிகளையும் ஒன்றாக ஓட்டினாள்.

நான்கு பிரஸ்களுக்குள்ளும் நான்கு திம்மராயன்கள் குனிந்து, தகட்டுக்கு வடிவம் தரும் அச்சின் மேல் சந்தனம் தடவினார்கள். நான்கு இடது கைகளிலும் மூன்று விரல்கள்.

பிரஸ்களின் மெயின் ஸ்விட்ச் அணைந்திருந்தது. ஆனாலும் சக்கரங்கள் சுற்றத் தொடங்கின.

"அண்ணா! வெளிய வாங்க!"

நான்கு தலைகள் திரும்பின.

முதல் அடி கைகளை வாங்கியது. ஒரே எலும்பு நான்கு இடங்களில் நொறுங்கியது. மாலைகளின் மேல் ரத்தம் பீய்ச்சியது. வலி பங்கு பிரியவில்லை. ஒவ்வொரு அலறலும் முழு அலறல்.

சர்வரின் வயரைப் பிடுங்கினாள். விசிறி நிற்கவில்லை. யுபிஎஸ்ஸைப் பிடுங்கினாள். நிற்கவில்லை. திரையில் நான்கு கணினிகளின் பெயர்கள் ஓடிக்கொண்டிருந்தன. முதல் பெயரின் மேல் விரலை அழுத்தி அதை நிறுத்தினாள்.

முதல் பிரஸ் முழுதாக இறங்கியது.

ஒரு அலறல் அறுந்தது. பிரஸ் மேலேறியபோது அச்சில் சட்டைத் துணியும் ஈரமும் மட்டும் இருந்தன. முகம் இருந்த இடத்தில் ஒரு காரின் கதவு வளைவு.

நிறுத்தினால் சாவு. ஓடவிட்டால் அடுத்த அடி. இவர்களில் ஒருவர் மதியம் தன்னோடு சிரித்தவர். யார்?

"மேடம்..." மூன்று வாய்கள், ஒரே குரல். "ஆஃப் பண்ணுங்க மேடம்..."

"எந்த பிரஸ்ல இருக்கீங்கண்ணா? நீங்க எது?"

மூன்று முகங்களிலும் ஒரே குழப்பம். ஒன்றை ஒன்று பார்க்கவேயில்லை.

"என்ன கேக்கறீங்க? இங்க நான் ஒருத்தன்தானே இருக்கேன்?"

மூன்று பிரஸ்களும் மெல்ல உச்சிக்கு ஏறின. எண்ணெயும் ரத்தமும் சொட்டச் சொட்ட, அவள் விரலைப் பார்த்தபடி அங்கேயே நின்றன.