கோட்டைச்சாமி காட்டில் முளைக்காத சோளம்

காலை 8.10. ஏழாயிரம்பண்ணைக்கு மேற்கே கோட்டைச்சாமியின் இரண்டு ஏக்கர் கரிசலில் பேருக்கு ஒரு சோள முளை இல்லை. விதைத்து ஒன்பது நாளாயிற்று. வரப்புக்கு அந்தப் பக்கம் சங்கிலிமுத்துவின் காட்டில் விரல் உயரத்துக்குப் பச்சை பிடித்திருந்தது.

உதவி வேளாண்மை அலுவலர் ஜெயசீலிக்கு எரிச்சல் மண்டையில் ஏறியது. இந்த மாதத்தில் இது நாலாவது 'பக்கத்துக் காட்டுக்காரன் சதி'. முதல் மூன்றில் சதி செய்தவை எலி, ஆழமாக விதைத்த டிராக்டர், மூன்று வருடப் பழைய விதை. ஆனால் அங்கெல்லாம் போலீஸ் வரவில்லை. இங்கே ஏட்டு முனியராஜ் புகார் மனுவோடு நின்றார்.

"சங்கிலிமுத்துப் பய பட்டாசுக் கம்பெனியில இருந்து வெடியுப்பக் கொண்டாந்து காட்டுல கொட்டிட்டான் மேடம்," என்றார் கோட்டைச்சாமி. "வரப்புத் தகராறுல வந்த வஞ்சம்."

வெடிமருந்து திருடினான் என்று பேச்சு வந்தால் எந்தப் பட்டாசுக் கம்பெனியும் பொறுக்காது. அங்கே வேலை பார்க்கும் சங்கிலிமுத்துவை நேற்றே வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதுவும் தீபாவளி சீசனில். அவனுக்கு அந்தச் சம்பளம்தான் சோறு.

8.25. ஜெயசீலி குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"இது என்ன அண்ணாச்சி?"

"சாரணை. களை."

"அது?"

"கோரை."

"ஊடால போட்ட தட்டாம்பயறு?"

"அது வந்திருக்கு."

"அப்ப வெடியுப்பு சோளத்த மட்டும் பேரு கேட்டுக் கொல்லுதாக்கும்?"

ஏட்டு சிரிப்பை மீசைக்குள் அடக்கினார். கோட்டைச்சாமிக்குச் சிரிப்பு வரவில்லை.

ஜெயசீலி மண்ணைத் தோண்டினாள். இரண்டு விரல் ஆழம், சரி. ஈரமும் சரி. அகப்பட்ட சோளம் ஊதிக் கிடந்தது, வேர் விடவில்லை. நகத்தால் கீறினாள். முளை கிளம்ப வேண்டிய இடம் பழுப்பேறிச் செத்துப்போயிருந்தது.

கோட்டைச்சாமியின் மனைவி வள்ளித்தாய் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். முன்பாதம் தரையில் படாமல் குதிகாலாலேயே நடந்தாள்.

8.50. சங்கிலிமுத்துவை வரப்புக்குக் கூப்பிட்டாள்.

"விதை எங்க வாங்குனீக?"

"உங்க ஆபீஸ்லதான் மேடம். ரெண்டு பேரும் ஒரே மூட்டையப் பாதியாப் பிரிச்சோம்."

"ஊற வச்சீகளா?"

"நீங்க சொன்னாப்புல ஆறு மணி நேரம். பெறகு வேப்பமரத்தடியில காயவச்சேன்."

ஜெயசீலி வள்ளித்தாய் பக்கம் திரும்பினாள்.

"கால்ல என்னக்கா?"

"கொப்புளம். ஆறாமக் கெடக்கு."

"உச்சி வெயில்ல, மொட்டைமாடியில, செருப்பில்லாம நின்னு எதக் கிண்டிவிட்டீக?"

வள்ளித்தாய் புருஷனைப் பார்த்தாள். "ஊறின சோளத்த. மேடம் நெழல்லதான காயவைக்கச் சொன்னாகன்னேன். இவுக காதுலயே வாங்கல. காயவைக்கிற தளத்துல செருப்புப் போடக் கூடாதுன்னு அதையும் கழட்டச் சொன்னாக."

"அது கம்பெனிச் சட்டம். செருப்பு உரசுனா மருந்து தீப்பிடிச்சிரும்," என்று முனகினார் கோட்டைச்சாமி.

"அந்தக் கொப்புளத்த வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்," என்றாள் ஜெயசீலி. "காஞ்ச விதை வெயில் தாங்கும். பயறு ஊறல, அதான் பிழைச்சுது. ஊறின விதைக்குள்ள உயிரு முழிச்சுக்கும். அதக் கொதிக்கிற சிமெண்டுல பரப்புனா வெந்துபோகும். மண்ணுல ஒரு குத்தமும் இல்ல. நீங்க விதைச்சதே பொணம். கொன்னது நீங்கதான் அண்ணாச்சி."

"கம்பெனியில முப்பது வருசம் காயவைக்கிற வேலைக்கு நாந்தான் போர்மேன். எனக்கா காயவைக்கத் தெரியாது?"

"உங்களுக்குப் பட்டாசு காயவைக்கத் தெரியும்."

ஆட மாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம். முப்பது வருடம் ஆடியவருக்கும் அந்த நோய் வரும் போலிருக்கிறது.

"மனுவக் கிழிச்சிரவா?" என்றார் ஏட்டு.

"கிழிச்சா எனக்குக் கம்பெனிக் கேட்டத் தொறந்துருவாகளா ஏட்டையா?" என்றான் சங்கிலிமுத்து.

ஜெயசீலி ஸ்கூட்டியைக் கிளப்பினாள். "ஏறுங்க அண்ணாச்சி. கம்பெனிக்குப் போவோம்."

"அங்கன போயி என்னன்னு சொல்ல?"

"காயவைக்கத் தெரியாம நானே கெடுத்தேன், இவன் மேல பொய்ப் பழி போட்டேன்னு."

"அங்கன நிக்கிறதெல்லாம் எங்கிட்ட வேல பழகுன பயலுக மேடம்."

"அவங்க முன்னாலதான் சொல்லணும்."

கோட்டைச்சாமி ஏட்டைப் பார்த்தார். ஏட்டு வானத்தைப் பார்த்தார். பெண்டாட்டி மட்டும் அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முன்னாள் போர்மேன் வண்டியில் ஏறினார்.