கேட்டுக்குள் உடைக்க வேண்டியது

எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நிற்கும் இடத்தைத் தாண்டினால் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரி வரும். பெயரைச் சொல்ல மாட்டேன். சொன்னால் நாளைக்கே ஒருத்தன் கேள்வி கேட்டு வந்து நிற்பான்.

கழித்துக்கட்டிய சாமான்களை அங்கே "கண்டம்" என்பார்கள். துருப்பிடித்த கட்டில், ஓடாத ஃபேன், காலொடிந்த சக்கர நாற்காலி எல்லாம் ஒரு அறையில் மக்கும். ஏலம் விட்டதும் எங்களைப் போல் காயலான் கடைக்காரர்கள் போய் அள்ளிக்கொண்டு வருவோம். ஆனால் மிஷின் என்றால் சும்மா தூக்கிக்கொண்டு போக முடியாது. ஆபீசர் கண்முன்னால், கேட்டுக்குள்ளேயே சம்மட்டியால் அடித்து நொறுக்க வேண்டும். அப்புறம்தான் வண்டியில் ஏறும். திருப்பி எவனும் வார்டுக்கே விற்றுவிடக் கூடாதாம். ஊரில் திருடர்கள் அதிகம், சரிதான் என்று நானும் நினைத்திருந்தேன்.

நானும் கமாலும் கூட்டாளிகள். தண்டையார்பேட்டையில் கடை. என் மகன் வயதுதான் அவனுக்கு.

அன்று காலை அந்த அறையைத் திறந்ததும் பினாயிலும் பூஞ்சையும் கலந்த நாற்றம் முகத்தில் அடித்தது. ஸ்டோர் பொறுப்பில் இருந்த ரமாபாய் அம்மா வாசற்படியைத் தாண்டவில்லை. முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு மூலையைக் காட்டினார்.

"அந்த ஆக்சிஜன் மிஷினை மொதல்ல உடைங்க. மத்ததெல்லாம் அப்புறம்."

கொரோனா காலத்தில் வந்த பெட்டி. சக்கரம் வைத்தது, கரண்டில் ஓடுவது. காற்றை உறிஞ்சி, பக்கத்தில் உள்ள தண்ணீர் பாட்டிலில் குமிழி விட்டு, டியூப் வழியாக நோயாளியின் மூக்குக்கு அனுப்பும். யாரோ அதைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருந்தார்கள்.

வருஷக்கணக்கில் பூட்டிக் கிடந்த அறை. பாட்டிலில் தண்ணீர் இருந்தது.

தொட்டேன். வெதுவெதுப்பாக இருந்தது.

"கமாலு, இது வேணாம்டா. போட்டு ஒட."

"இன்னா நைனா, பயந்துகினியா?" என்று சிரித்தான். அப்புறம் குரலைத் தாழ்த்தினான். "சாபிராவுக்கு வூட்ல ஆக்சிஜன் வெக்கணும்னு டாக்டரு சொல்லிக்கீறாரு. வாடகைக்கு எட்த்தாக்கூட கட்டுப்படி ஆவாது. இது புச்சு மாதிரி கீது, பாரு."

சாபிரா அவன் மனைவி. வண்ணாரப்பேட்டையில் பழந்துணி பிரித்துப் பிரித்தே நுரையீரல் போயிற்று. நாலு வார்த்தை பேசினால் உதடு நீலமாகிவிடும். அதைப் பார்த்தவன் நான். சம்மட்டியை அவன் கையில் கொடுத்தேன்.

ரமாபாய் அம்மாவை யாரோ கூப்பிட்டார்கள். அவர் திரும்பிய நேரத்தில் கமால் வேறொரு பழைய பெட்டியை ஓங்கி அடித்து உடைத்தான். ஆக்சிஜன் மிஷினை வண்டியில் கிழிந்த மெத்தைகளுக்கு அடியில் தள்ளினான். வண்டி கேட்டைத் தாண்டியது.

டியூபை மாட்டிய அன்றே சாபிரா எழுந்து உட்கார்ந்தாள். மறு வாரம் அவளே மீன் குழம்பு வைத்தாள். "பேய் மிஷின்னு சொன்னியே நைனா, பேய் கொழம்பு ஊத்தட்டா?" என்று கமால் என்னைக் கிண்டல் செய்தான். எனக்குச் சோறு இறங்கவில்லை. அடுத்த அறையில் பாட்டில் கொளகொளவென்று குமிழி விட்டுக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் கமால் கடைக்குப் போன பிறகு அவள் என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள்.

"நைனா, அவராண்ட சொல்லாத. ஒண்ணு கேக்கணும்."

"சொல்லும்மா."

"நான் மூச்சு இஸ்க்கறதுக்கு முன்னாடியே யாரோ இஸ்க்கறாங்க. அவங்களுக்குப் போக மிச்சந்தான் எனக்கு வருது."

மிஷின் பழசு, அப்படித்தான் இருக்கும் என்றேன். நான் சொன்னதை நானே நம்பவில்லை.

அதற்கப்புறம் அவள் மெலியத் தொடங்கினாள். டியூபைக் கழற்றினால் திணறினாள். மாட்டினாலும் கண் செருகியது.

ஒரு மத்தியானம் நாங்கள் மூவரும் இருக்கும்போது கரண்ட் போயிற்று. ஃபேன் நின்றது. மிஷினும் ஒரு முறை கீச்சென்று கத்திவிட்டு நின்றது. தெருவில் ஆட்டோ சத்தம்கூட இல்லை. மணலிப் பக்கத்துக் காற்றில் வரும் அந்தக் கேஸ் வாடை மட்டும் ஜன்னல் வழியாக வந்தது.

கொளக்.

கமால் என்னைப் பார்த்தான்.

கொளக். கொளக்.

பாட்டிலில் குமிழி வந்துகொண்டிருந்தது. ஒயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. குமிழி வரும்போதெல்லாம் சாபிராவின் நெஞ்சு ஏறியது. குமிழி நின்றால் நெஞ்சும் நின்றது.

"ஒடச்சிடு, கமாலு."

"ஒடச்சா இவ மூச்சு இன்னாவும், நைனா? செத்துட்டான்னா?" அழுதான். எழுந்திருக்கவே இல்லை.

சாபிராவே டியூபைப் பிடுங்கி எறிந்தாள். "ஒட நைனா. என் மூச்சு எனக்கு வோணும்."

மிஷினை வாசலுக்கு இழுத்துப் போய்ச் சம்மட்டியால் அடித்தேன். ஓடு பிளந்தது. உள்ளேயிருந்து வெள்ளைக் குருணைகள் கொட்டின. கடல் மணல் போல ஈரமாக இருந்தன. பினாயில் நாறியது. பிறகு நீளமாக ஒரு மூச்சு வெளியே வந்தது. மிஷின் காற்று அப்படி இருக்காது. வலி நின்ற மனுஷி விடும் மூச்சு அது. என் கன்னத்தில் சூடாக உரசிக்கொண்டு வீட்டுக்குள் போயிற்று.

ஓடிப் போய்ப் பார்த்தேன். சாபிரா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மூக்கில் டியூப் இல்லை. உதட்டில் நீலம் இல்லை. சீராக மூச்சு விட்டாள். கமால் அவள் மடியில் முகம் புதைத்துக்கொண்டு குலுங்கினான்.

எனக்கு மனசு ஆறவில்லை. மறுநாள் ரமாபாய் அம்மாவைத் தேடிப் போய், மிஷினை உடைக்காமல் எடுத்துப் போனதைச் சொன்னேன். திட்டுவார் என்று பார்த்தேன். அவர் முகம்தான் வெளுத்தது.

"அது கெட்டுப்போன மிஷின் இல்லைங்க. கரண்ட் இல்லாமலும் நல்லா ஓடுற மிஷின். அதனாலதான் கண்டம் பண்ணோம்."

"இப்ப ஒடச்சாச்சும்மா. தூள் தூளா."

"எங்க வெச்சு உடைச்சீங்க?"

"வூட்டு வாசல்ல."

அவர் கண்ணை மூடிக்கொண்டார். "கேட்டுக்குள்ள உடைக்கச் சொன்னது எதுக்குன்னு நெனச்சீங்க, பெரியவரே? இங்க உடைச்சா உள்ள இருக்கறது இங்கயே இருந்திருக்கும்."

பஸ் பிடித்து நேராகக் கமால் வீட்டுக்குப் போனேன். அவன் வாசலிலேயே என்னைக் கட்டிக்கொண்டான். "டாக்டரே ஷாக் ஆய்ட்டாரு நைனா! நொரயீரல் கொயந்த மாதிரி கீதாம்!"

உள்ளே சாபிரா அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வெயிலுக்குத் தாகம் என்று பெரிய சொம்பை எடுத்து, வாயில் வைத்து, கீழே இறக்காமல் மடக் மடக்கென்று குடித்தாள். தொண்டை ஏறி இறங்கியது.

தண்ணீரை விழுங்கும்போது யாராலும் மூச்சு விட முடியாது.

அவளிடமிருந்து மூச்சுச் சத்தம் நிற்காமல் வந்துகொண்டிருந்தது. நிதானமாக. உள்ளே, வெளியே. உள்ளே, வெளியே.

சொம்பின் விளிம்புக்கு மேலாக அவள் கண் என்னையே பார்த்தது.