வடக்குச் சுவரை மட்டும் தொடாதே

"ஆ...!"

அலறல் வந்தது ஆர்டிஸ் ஹௌகன் வீட்டின் வடக்குப் பக்கத்திலிருந்து.

அடுத்த நொடி ஏணியிலிருந்து டுவேன் விழுந்தான். நல்லவேளை, ருபார்ப் என்கிற புளிப்புத் தண்டுச் செடிப் பாத்தியில் விழுந்தான். எலும்பு தப்பித்தது. ருபார்ப்தான் பாவம்.

வீடுகளின் வெளிச்சுவருக்கு சைடிங் என்கிற பலகைச் சட்டை மாட்டுவது டுவேனின் தொழில். இந்தக் கோடையில் பெய்த ஆலங்கட்டி மழை எங்கள் டோர்ஸ்பி ஊரின் பாதி வீடுகளைச் சல்லடையாக்கியிருந்தது. பழைய சைடிங்கை உரித்துப் புதுசு அடிக்க எல்லோரும் அவனைத்தான் பிடித்து இழுத்தார்கள்.

ஆர்டிஸும் கூப்பிட்டாள். ஒரே ஒரு நிபந்தனையோடு.

"மூணு பக்கம் மாத்து. வடக்குச் சுவரை மட்டும் தொடாதே."

தொட்டுவிட்டான்.

கெட்ட எண்ணம் இல்லை. மூன்று சுவர் புதுசாகவும் ஒன்று ஓட்டையாகவும் இருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? ஆர்டிஸ் கடைக்குப் போன நேரத்தில் அதையும் இனாமாக முடித்து அவளை அசத்திவிடலாம் என்று பார்த்தான். சைடிங்கை உரித்தான். அடியில் இருந்த மரம் மக்கிப்போய்க் கையோடு வந்தது.

உள்ளே ஒரு பூட்ஸ்.

பூட்ஸுக்கு மேலே சிவப்புக் கம்பளிக் காலுறை. காலுறைக்குள்...

கால்!

டுவேன் போன் செய்த பத்தாவது நிமிஷம் ஜீப் வந்து நின்றது. முதலில் தொப்பை இறங்கியது. பின்னாலேயே ஷெரிஃப் வெண்டல் இறங்கினார். கடைப் பையோடு ஆர்டிஸும் வந்து சேர்ந்தாள். ஓட்டையைப் பார்த்ததும் அவள் முகம் வெளுத்தது.

"எங்கேடா கால்?" என்றார் வெண்டல்.

"மேல... அந்த ஓட்டையில."

வெண்டல் ஏறினார். ஏணி முனகியது. டார்ச் அடித்துப் பார்த்தார்.

"குளிருக்கு அடைக்கற பஞ்சுதான் இருக்கு. காலும் இல்ல, கையும் இல்ல."

"இருந்துச்சு ஷெரிஃப். எங்கம்மா மேல சத்தியமா."

"காலங்காத்தால பீரா?"

"காபிதான். அதுவும் தண்ணிக் காபி."

வெண்டல் இறங்கப் போனார். நின்றார். ஒரு ஆணியில் சிவப்புக் கம்பளி நூல் சிக்கியிருந்தது.

அந்தச் சிவப்பை ஊருக்கே தெரியும். ஆர்டிஸின் கணவன் ஆர்லன் அந்தக் காலுறையைத் தவிர வேறு போட்டதில்லை. போன வருஷத்துக் குளிரில், உறைந்த ஏரியின் மேல் குடிசை போட்டு மீன் பிடித்துக்கொண்டிருந்தபோது பனி உடைந்து குடிசையோடு போய்விட்டான். தொப்பி கிடைத்தது. ஆள் கிடைக்கவில்லை. ஊரே அழுதது. எல்லோரையும்விட அதிகமாக அழுதவர் வெண்டல். படகுத் துறைக்கு ஆர்லன் பெயரை வைத்ததும் அவரேதான்.

"ஆர்டிஸ்," என்றார் வெண்டல். "ஆர்லன் ஏரியில சாகல. நீதான் கொன்னு சுவத்துக்குள்ள வெச்சிருக்க. கிளம்பு."

"உள்ள வா வெண்டல். காபி தரேன்."

"வேணாம்."

"சூடா இருக்கு."

"வேணாம், உனக்கு எதுக்கு சிரமம்."

"ஒரு வாய்தான்."

"சரி... ஒரு வாய்."

கொலைக் கேஸாக இருந்தாலும் மரியாதை மரியாதைதான். மூன்றாவது தடவை கேட்டால்தான் எங்கள் ஊரில் சரி என்பார்கள்.

சமையலறை மேஜையில் கைவிலங்கை வைத்துவிட்டு வெண்டல் உட்கார்ந்தார். ஆர்டிஸ் காபி ஊற்றினாள். பாதி சாஸரில்தான் விழுந்தது. அந்த விலங்கு கையில் ஏறினால் மிச்ச ஆயுசு முழுக்கச் சிறைதான். ஒரு வார்த்தை சொன்னால் தப்பிக்கலாம். சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருந்தாள்.

"குடிச்சிட்டேன். கையை நீட்டு."

நீட்டினாள்.

வெண்டல் விலங்கை எடுத்தார். பக்கத்தில் இருந்த தட்டைப் பார்த்தார். கை அப்படியே நின்றது.

தட்டில் ருபார்ப் கேக். கட்டைவிரல் நக அளவுக்கு ஒரு துண்டு.

எங்கள் மின்னசோட்டாவில் தட்டின் கடைசித் துண்டை யாரும் எடுக்க மாட்டோம். அடுத்தவருக்கு வேண்டியிருக்குமே என்று பாதி வெட்டி எடுப்போம். அடுத்தவர் அதில் பாதி. பிறகு அதிலும் பாதி. கடைசியில் எறும்புக்குக்கூடப் பத்தாது.

"ஆர்டிஸ், நீ தனியாத்தானே இருக்க?"

"ஆமா."

"அப்ப இதை யாருக்காக மிச்சம் வெச்ச?"

ஆர்டிஸ் சாஸரைத் துடைத்தாள்.

"பேய்க்கா இருக்குமோ?" என்றான் வாசலில் நின்ற டுவேன்.

வெண்டல் தட்டை எடுத்துக்கொண்டு வடக்குச் சுவரை ஒட்டியிருந்த மளிகை அலமாரிக்குப் போனார். குரலை உயர்த்தினார்.

"கடைசித் துண்டு இருக்கு. யாருக்காவது வேணுமா?"

தட்டைச் சுவர்ப் பக்கம் நீட்டினார்.

சுவர் தொண்டையைக் கனைத்தது.

"வேணாம் வெண்டல்... நீயே எடுத்துக்க."

அலமாரி மெல்ல நகர்ந்தது. பின்னாலிருந்த இடுக்கிலிருந்து தாடியும் சிவப்புக் காலுறையுமாக ஆர்லன் வெளியே வந்தான்.

"உள்ள பரண்ல படுத்திருந்தேன். கால்ல காத்து பட்டுச்சு. இழுத்துக்கிட்டு பஞ்சை அடைச்சேன். பயமுறுத்திட்டேனா டுவேன்? மன்னிச்சுக்கப்பா."

"பூட்ஸோட படுக்காதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன்," என்றாள் ஆர்டிஸ்.

"செத்துப்போயிட்டியே நீ..." என்றார் வெண்டல்.

"பனி விளிம்பைப் பிடிச்சு ஏறி, நடந்தே அக்கரை சேந்துட்டேன். பூட்டியிருந்த ஒரு வீட்டுல நுழைஞ்சு காய்ச்சலோட கிடந்தேன். எழுந்து வந்தா சர்ச்சுல எனக்கு இரங்கல் கூட்டம். நீ மைக்கைப் பிடிச்சுக்கிட்டு தேம்பித் தேம்பி அழற. நடுவுல நான் நுழைஞ்சா உனக்கு எவ்வளவு சங்கடம்? கூட்டம் முடியட்டும்னு வீட்டுக்கு வந்துட்டேன். அப்புறம் துறைக்கு என் பேரை வெச்சீங்க. அதுக்கப்புறம் எந்த மூஞ்சியோட வர்றது?"

வெண்டல் சிரித்திருக்க வேண்டும். சிரிக்கவில்லை. வேர்த்தது.

"டுவேன், அந்த ஓட்டையை மூடு. ஆர்லன், நீ உள்ள போ. நான் எதையும் பாக்கல."

"அதுவும் சரிதான்," என்று திரும்பினான் ஆர்லன்.

"நில்லு," என்றாள் ஆர்டிஸ். "நீ உயிரோட இருக்கறதுல இவனுக்கு என்ன கஷ்டம்?"

"சொன்னா அவன் மனசு நோகும்."

"நோகட்டும். சொல்லு."

ஆர்லன் தலையைச் சொறிந்தான். "பனி தானா உடையல. இவன் ஜீப்பை என் குடிசைக்குப் பக்கத்துல கொண்டாந்து நிறுத்தினான். விரிசல் விட்டதும் பின்னால எடுத்துக்கிட்டு போயிட்டான். நான் கத்தினது கேட்டிருக்காது, பாவம்."

வெண்டல் தரையைப் பார்த்தார்.

"கேட்டுச்சு," என்றார்.

ஆர்டிஸ் அவர் எதிரில் போய் நின்றாள்.

"அதுக்குத்தான் அந்த அழுகை. அதுக்குத்தான் இன்னிக்கு என் தலையில கட்டப் பாத்த. பொணம் என் சுவத்துல கிடைச்சா உனக்கு நிம்மதி, இல்ல?"

அவள் கையை நீட்டி அந்தக் கடைசித் துண்டை எடுத்தாள். யாரையும் கேட்கவில்லை. வாயில் போட்டு மென்றாள். ஆர்லன் நடுங்கிப்போனான். முப்பது வருஷத்தில் அவளை அவன் இப்படிப் பார்த்ததில்லை.

"ரெண்டுல ஒண்ணு, வெண்டல். அதே சர்ச்சுல, அதே மைக்ல, நடந்ததை உன் வாயால சொல்லு. இல்லேன்னா அந்த இடுக்கு இப்ப காலியாத்தான் இருக்கு. நீ உள்ள போ."

வெண்டல் வாசலைப் பார்த்தார். பிறகு இடுக்கை வெகுநேரம் பார்த்தார்.

"உள்ள... குளிர்காலத்துல சூடு வருமா?"

டுவேன் இடுப்பிலிருந்த அளவு நாடாவை உருவினான். ஷெரிஃபின் தொப்பையைச் சுற்றி ஒரு பிடி பிடித்தான். உச்சுக் கொட்டினான்.

"சைடிங் மாத்தினா மட்டும் பத்தாது ஆர்டிஸ். சுவத்தையே தெரு வரைக்கும் தள்ளிக் கட்டணும்."